கோச்சடை மாடியில் காய்ந்த ஆட்டுத்தோல்

மாடிப்படி ஏறும்போதே அந்த வாடை வந்தது. மயிர் வழித்த, பாதி காய்ந்த ஆட்டுத்தோலின் வாடை...

பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. நான் ஒரு நாளிதழில் நிருபர். கோச்சடையில் ஞானராஜ் சார் என்ற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் போன் செய்து வரச் சொல்லியிருந்தார். அவர் வீட்டு மாடி அறையில் காம்பியா நாட்டிலிருந்து படிக்க வந்த லாமின் குடியிருந்தார்.

சாருக்கு லாமின்மேல் சந்தேகம். பெரிய சுரைக்காயை வாங்கிக் காயப்போட்டுக் குடைகிறான், அதன்மேல் தோலை இழுத்து ஆணியடிக்கிறான், சாயங்காலம் மொட்டை மாடியில் வைக்கோலைக் கொளுத்தி ஏதோ முணுமுணுக்கிறான். தெருவில் செய்வினை என்றே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"சனிக்கெழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டேன். அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க சார். நீங்க சொன்னா நம்புறேன்."

லாமினுக்கு அடுத்த வாரம் பரீட்சை. இந்த அறைக்கு வருமுன் நாலு வீட்டில் முகத்தைப் பார்த்தே இல்லை என்று சொல்லியிருந்தார்கள். இதுவும் போனால் வேறு இடமில்லை.

சாரின் மனைவி பூப்போட்ட பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார். குடித்துவிட்டுத்தான் மேலே போனோம்.

அந்த வாடை எனக்குப் புதிதில்லை. சமயநல்லூர் பக்கம் எங்கள் ஊரில் அப்பா பறை அடித்தவர். எழவு வீட்டுக்குக் கிளம்புமுன் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவார். ஆபீஸில் இதை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்படியே பதினைந்து வருஷம் ஓட்டியிருந்தேன். அன்றும் மூக்கைப் பொத்திக்கொண்ட சாரின் பக்கத்தில் நானும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நின்றேன்.

லாமின் தன் பொருளை எடுத்துக் காட்டினார். பெயர் அகோண்டிங். அவர் ஊர்ப்பக்கம் நெல் விவசாயிகள் வாசிப்பது. கப்பலில் அடிமைகளாகப் போனவர்கள் இந்த மாதிரி வாத்தியங்களின் நினைவில் போன நாட்டில் செய்ததுதான் பிறகு பேஞ்சோ என்ற நரம்பு வாத்தியம் ஆனது என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சுரைக்குடுவை, தோல், குடுவைக்குள் புகுந்து அடிப்பக்கம் வெளியே வரும் நீள மூங்கில், மூன்று தூண்டில் நரம்புகள். அதில் ஒன்று பாதியிலேயே நின்றது. அறுந்துபோனதைச் சமாளிக்கிறாரோ என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, நரம்பை முறுக்கி இழுக்க ஒரு ஆணி கூட இல்லை. முறுக்காணி இல்லாமல் எப்படிச் சுருதி சேரும்? நோட்டில் அதை எழுதி அடிக்கோடு போட்டேன்.

"முறுக்க வேணாம்ணே. தள்ளணும்," என்றார் லாமின். டீக்கடையில் கற்ற தமிழ்.

ஒவ்வொரு நரம்பின் நுனியும் மூங்கிலைச் சுற்றி ஒரு கயிற்று வளையமாகக் கட்டியிருந்தது. மேலே தள்ளினால் இறுகும், கீழே இறக்கினால் தளரும். குட்டை நரம்பு கட்டைவிரலுக்காம், அது மாறாமல் ஒரே ஸ்வரம் சொல்லிக்கொண்டிருக்குமாம்.

சரி, பார்ப்போம் என்று மூன்று வளையத்தையும் நானே இறக்கிக் கலைத்துவிட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் எந்தச் சுருதிப் பெட்டியையும் தேடவில்லை. கண்ணை மூடி மெதுவாக முணுமுணுத்தார். தன் தொண்டைக்கு எது வசதியோ அதற்கு நரம்பைத் தள்ளிக்கொண்டு போனார். தெருவில் கேட்ட மந்திரம் இதுதான்.

ஆனால் மீட்டியபோது ‘தொப்’ என்றது. மறுபடி ‘தொப்’. நரம்பைத் தாங்கும் சின்னக் குதிரைக்கட்டை தோலோடு அமுங்கி, சாய்ந்து விழுந்தது.

"பாத்தீங்களா," என்றார் சார். "இதுக்குத்தான் தெனமும் நெருப்பு வைக்கிறானா?"

லாமின் மழையைக் காட்டினார், தோலைக் காட்டினார். அதைச் சொல்லத் தமிழ் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

ஈரத்தில் தோல் தொய்ந்துவிட்டது, சூடு காட்டினால்தான் இறுகும் என்று அவர் சொல்ல வந்தது எனக்குத் தெரியும். தெரியாதது மாதிரி கீழே இறங்கிவிடலாம். சனிக்கிழமை அவர் பெட்டியோடு ரோட்டில் நிற்பார், அவ்வளவுதான்...

நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

பிறகு மூலையில் இருந்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்து, மழை படாத கூரைக்கடியில் பற்றவைத்தேன். குடுவையை வாங்கி, தோல் கருகாத உயரத்தில் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். நடுவிரலால் தட்டிப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம். மறுபடி தட்டினேன். ‘டங்’ என்றது. லாமினிடம் கொடுத்தேன்.

அவர் குதிரையை நிறுத்தி, வளையங்களைத் தள்ளி, நகத்தால் நரம்பை அடித்து வாசித்தார். நன்றாகவே இருந்தது. ஆனால் சார் அவரைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு எப்படி சார் இந்தப் பக்குவம்?"

"எங்கப்பா பறை அடிப்பாரு சார்."

"அப்படியா," என்றார். லாமின் இருந்துகொள்ளட்டும், நெருப்பை மட்டும் கவனமாக வைக்கட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

லாமின் படிப்பு முடியும்வரை அங்கேதான் இருந்தார்.

அன்றைக்கு இரண்டு வாரம் கழித்து லாமினைப் பார்க்கப் போனேன். சார் கூப்பிட்டு உட்காரவைத்தார். டீ வந்தது... பேப்பர் கப்பில்.

"கப்பெல்லாம் கழுவாம கெடக்கு சார், வேலைக்கு ஆள் வரல," என்றார். நான் கேட்கவே இல்லை.

அவர் தலைக்குப் பின்னால் அலமாரியில் பூப்போட்ட கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. எண்ணினேன். ஆறு. கழுவியவையா என்று இருந்த இடத்திலிருந்து தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கவும் இல்லை. மற்ற எதையும் இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எழுதாதவன், அதை மட்டும் விசாரிக்காமலே விட்டுவிட்டேன்.

இப்போது எந்த வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் எல்லோருக்கும் பேப்பர் கப்தான். வசதி. யாரும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் கோச்சடையில் ஒரு கிரகப்பிரவேசம். டீயை நீட்டினார்கள். வாங்கினேன்...

வாயில் வைக்குமுன், பக்கத்தில் இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்றுதான் இன்னமும் பார்க்கிறேன்.