வெள்ளைக்காரனுக்கு வாங்கிய ஸ்டூல்கள்

எங்கள் இறால் கம்பெனியில் பத்து மர ஸ்டூல்கள் இருந்தன. எல்லாம் பூட்டிய அறையில். முத்தையாபுரம் போகிற ரோட்டில் இருந்த அந்த ஷெட்டில் நாங்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே, ஐஸில் கிடக்கும் இறாலை எடுத்துத் தலை கிள்ளி ஓடு உரிப்போம். உரித்தது கப்பலேறி வெளிநாடு போகும். வாங்குகிற கம்பெனியிலிருந்து எப்போதாவது ஒரு வெள்ளைக்காரர் பார்வையிட வருவார். சொல்லாமல் கொள்ளாமல் வருவார். ஒவ்வொரு தடவையும் வேறு முகம். அப்போது மட்டும் பூட்டு திறக்கும். வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற முன்வரிசைக்கு ஸ்டூலும் ரப்பர் கையுறையும் கிடைக்கும். அவர் கார் ரோட்டில் ஏறியதும் சூப்பர்வைசர் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிவிடுவார். கையுறையைக் கழற்றத் தாமதித்தால், "ஏளா, ஒங்க வீட்டுச் சீதனமா அது?" என்பார்.

பள்ளிக்கூடம் முடித்த வருஷம் நான் அங்கே என் அண்ணன் மனைவி, மைனிக்குப் பக்கத்தில் நின்று உரித்தேன். மைனிக்கு எட்டாம் மாசம். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு நாள் மேசையைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாள். ஆனாலும் லீவு கேட்கவில்லை. கேட்டுக்கு வெளியே வேலை கேட்டு எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். ஒரு வாரம் படுத்தால் இடம் போய்விடும்.

"அண்ணாச்சி, ஒரு ஸ்டூலு குடுங்க, புண்ணியமாப் போவும்," என்றாள் மைனி சூப்பர்வைசரிடம்.

"உக்காந்தா கை ஓடாது."

"வெள்ளக்காரன் வந்தா மட்டும் ஓடுதாக்கும்?"

"அன்னைக்கு ஓட வேண்டாம். அவன் பாத்தாப் போதும்."

பின்னாளில் பத்திரிகை வேலையில் எத்தனையோ பேரைக் கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு நேரான பதில் ஒருவரும் சொன்னதில்லை.

சாயங்காலம் அண்ணனிடம் சொன்னோம். கடலில் தள்ளி நிற்கும் கப்பல்களிலிருந்து மாலுமிகளை லாஞ்சுப் படகில் கரைக்குக் கொண்டுவருவது அவன் வேலை. "வெள்ளக்காரன்தான வேணும்?" என்றான்.

அந்த வாரமே ஒரு பெருத்த வெள்ளைக்காரர் கேட்டில் நின்றார். கப்பல் சமையல்காரர். நல்ல இறால் அங்கே கிடைக்கும் என்று அண்ணன் கைகாட்டி அனுப்பியிருக்கிறான். சூப்பர்வைசர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, சாவியோடு ஓடினார். மைனியை முன்வரிசைக்குத் தள்ளினோம். உட்கார்ந்தாள். "வெரி கிளீன் சார்," என்று சூப்பர்வைசர் ஷெட்டைச் சுற்றிக் காட்டினார். வந்தவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மடித்து வைத்திருந்த துணிப்பையை எடுத்து விரித்து, இது நிறைய இறால் வேண்டும் என்று சைகை காட்டினார்.

சூப்பர்வைசர் பையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் குனிந்து உரித்தோம். அன்றைப் போல் அந்த ஷெட்டில் யாரும் மும்முரமாக உரித்ததில்லை.

ஸ்டூல்கள் உள்ளே போயின. அடுத்து இன்னொரு கப்பல், இன்னொரு சமையல்காரர். விரட்டுவதற்காகக் கேட்டை நோக்கிப் போன சூப்பர்வைசர் பாதியில் நின்றார். இவர் நிஜமாகவே கம்பெனி ஆளாக இருந்துவிட்டால்? மறுபடி சாவி, ஓட்டம். நாலாவது ஆள் வந்துபோன பிறகு ஸ்டூல்களை மேசையடியிலேயே விட்டுவிட்டார்.

"தூக்கித் தூக்கி எம் முதுகு போச்சு," என்றார்.

"செத்த உக்காருங்க அண்ணாச்சி," என்றாள் மைனி, தான் எழுந்துகொள்ளாமல்.

கையுறைகள் மட்டும் ஒவ்வொரு தடவையும் பூட்டுக்குள் போயின. அவற்றுக்குக் கனமில்லை.

மைனிக்கு வலி எடுத்ததும் அந்த ஸ்டூலில்தான். பின்வரிசையிலிருந்து ஒருத்தியைக் கூப்பிட்டு, அவள் வந்து உட்காரும் வரை மைனி எழுந்திருக்கவில்லை. காலியாகக் கிடந்தால் அது உள்ளே போய்விடும்.