புல்லின் மேல் நட்ட கன்றுகள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். பிரிஸில்லா காலை விட்டுத்தான் ஆழம் தெரிந்துகொண்டவள். தாமிரபரணிக் கரையில் சேரன்மகாதேவி வயல்காட்டில் பிறந்தவள். சந்தைக்குக் கருவாடு கொண்டுவந்த கிங்ஸ்லியின் சிரிப்பில் மயங்கி, அதே தாமிரபரணி கடலில் கலக்கிற ஊருக்கு வாழ வந்தாள். ஆறு போகிற போக்கில் அவளும் போனாள், அவ்வளவுதான்.

கிங்ஸ்லியின் தங்கை ரீபாதான் அவளைக் காயலுக்குள் இறக்கினாள். இடுப்பளவுத் தண்ணீரின் அடியில், தூங்குகிற பிள்ளையின் தலைமுடி மாதிரி கடற்புல் மெல்ல அசையும். குனிந்து புல்லுக்குள் கையால் துழாவினால் இறால் தட்டுப்படும். பெரியதை இடுப்பில் கட்டிய பறிக்குள் போடலாம். குஞ்சை விட்டுவிட வேண்டும். இங்கே தவழுகிற குஞ்சுதான் வளர்ந்து கடலுக்குப் போகிறது, ஆண்கள் வலையில் அகப்படுகிற இறாலும் நண்டும் முக்கால்வாசி இந்தப் புல்லில் வளர்ந்தவைதான் என்று ரீபா சொல்லிக் கொடுத்தாள். விடியற்காலை வெளிச்சத்தில், தான் நடக்கிறோமா கனவு காண்கிறோமா என்று தெரியாமல் பிரிஸில்லா அந்தப் புல்லின் மேல் மிதந்து திரிந்தாள். சந்தோஷமாக இருந்த காலம் அது.

பிறகு ஒருநாள் வள்ளம் மட்டும் வந்தது. கிங்ஸ்லி வரவில்லை.

அந்த ஊரில் கடலோடு போய் உடல் கிடைக்காதவர்கள் பதினொரு பேர். கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, இந்தப் பதினொரு வீட்டுப் பெண்களும் கையில் வர்த்தியை வைத்துக்கொண்டு எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் நிற்பார்கள். கிங்ஸ்லி போன ஏழாம் வருஷம், அதைப் பார்க்கப் பொறுக்காமல் கோயில் சாமியார் ஒரு யோசனை சொன்னார். பேருக்கு ஒன்றாகப் பதினொரு அலையாத்திக் கன்று, அவற்றைச் சுற்றி ஊரார் நடுகிற ஆயிரம் கன்று. மரமும் ஆயிற்று, கல்லறையும் ஆயிற்று.

எங்கே நடுவது என்ற பேச்சு வந்தபோது எல்லோரும் பிரிஸில்லாவைப் பார்த்தார்கள். நாற்று நட்டுப் பழகிய கை ஊரில் அவளுடையது ஒன்றுதானே. கரையோரச் சேறு நீர் வற்றினால் வெடித்துக் கிடக்கும். காய்ந்த வயலில் யாராவது நாற்று நடுவார்களா என்று கேட்டு, தண்ணீர் நிற்கிற கடற்புல் திட்டைக் காட்டினாள். கயிறு பிடித்து வரிசையாக நட்டார்கள். கிங்ஸ்லியின் கன்றை அவளே நட்டாள்.

அலையாத்திக்கு வேண்டியது அந்த வெடித்த கரைதான் என்பது நெல்வயல்காரிக்கு எப்படித் தெரியும்? மீன்பிடிக்கிற ஊருக்கும் அன்று தெரியவில்லை. ரெண்டு வருஷத்தில் பாதிக் கன்று பட்டுப்போனது. மீதி முழங்கால் உயரத்துக்கு நோஞ்சானாக நின்றது. கன்றுக்குத் துணையாக ஊன்றிய குச்சிகளில் சேறு தங்கித் தங்கி, புல்லை மூடியது. அதை முதலில் அறிந்தது பிரிஸில்லாவின் பாதம். புல் இருந்த இடமெல்லாம் வழவழவென்று வெறுஞ்சேறு. பறியும் காலி. வெளியே நண்டுவலை போட்டவர்களும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

கல்லறையைப் பிடுங்கு என்று யார் சொல்லுவார்? தான் சொன்னால்தான் உண்டு என்று பிரிஸில்லாவுக்குத் தெரியும். சொன்னால் கிங்ஸ்லிக்கு இருக்கிற ஒரே இடமும் போய்விடும். மூன்று மாதம் அதை நெஞ்சில் போட்டுப் புழுங்கினாள். கடைசியில் ரீபா ஒருநாள் காலியான பறியைக் கழற்றிக்கொண்டே பைய சொன்னாள்.

"மைனி, அண்ணன் இருந்தா, கன்னை விட்டுட்டு இந்தப் புல்லத்தான் பாத்திருக்கும்."

ஞாயிறு பூசை முடிந்து பிரிஸில்லா எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்றாள். கன்றுகளைக் கரைக்கு மாற்ற வேண்டும், பிழைப்பது நிச்சயமில்லை, ஆனால் புல்லுக்கு மூச்சு கிடைக்கும் என்றாள். மகன் பெனோவைக் கடலுக்குக் கொடுத்த சாரம்மாள், என் பிள்ளைமேல் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று சீறினாள். பிரிஸில்லா, என்னுடையதை மட்டும் எடுக்கிறேன் என்றாள்.

மறுநாள் நீர் இறங்கிய நேரம் பெண்கள் கரையில் கூடி நின்றார்கள். சாரம்மாளும் வந்திருந்தாள். பிரிஸில்லா முழங்கால் தண்ணீரில் மண்டியிட்டு, கன்றைச் சுற்றிக் கையாலேயே சேற்றைத் தோண்டினாள். வேர் லேசில் விடவில்லை. பெரிய சேற்றுக்கட்டியோடு அதைப் பெயர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தபோது தள்ளாடினாள். ரீபா ஓடிவந்து ஒரு பக்கம் பிடிக்கப் போனாள்.

"விடு ரீபா," என்றாள் பிரிஸில்லா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "ஒம்பது வருசமா ஒங்க அண்ணனத் தூக்க நமக்குக் குடுத்து வைக்கல. இன்னைக்கு நானே தூக்கிட்டுப் போய் வைக்கேன்."

அழுதுகொண்டே தண்ணீரைக் கடந்து, கரையில் தோண்டிவைத்த குழிக்குள் கன்றை இறக்கினாள். மற்றவர்களும் குனிந்து ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள்.

சாரம்மாள் மண் போட்ட கையைக் கழுவவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"ஏளா பிரிஸில்லா, இங்கன வா. எம் மவன வேர் அறாம பைய எடுத்து எங் கையில குடு."