பசை ஒட்டாத ஸ்டியரிங்

என் டிராக்டரின் ஸ்டியரிங் வளையத்தில் பதினோரு வெடிப்புகள் இருந்தன. ஏழு சின்னவை. மற்ற நான்கில் உள்ளே ஓடும் இரும்புக் கம்பி தெரியும். அந்த நான்கில் ஒன்றுதான் போன வருஷ உழவின்போது என் வலது உள்ளங்கையைக் கிழித்தது. அரிசி மணி நீளக் கீறல். எனக்குச் சர்க்கரை இருப்பதால் அது ஆறுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. தினமும் கட்டு மாற்றியவள் என் மனைவி. காயம் ஆறியதும் அவள் டிராக்டர் சாவியை ஓர் ஊக்கில் கோத்துத் தன் வளையலில் மாட்டிக்கொண்டாள்.

"அந்தச் சக்கரத்தச் சரி பண்ணாம நீங்க வண்டியில ஏறக் கூடாதுங்க. சொல்லிப்போட்டேன்."

அதன் பிறகு எங்கள் வயலை அவளுடைய தம்பி தன் வண்டியைக் கொண்டுவந்து உழுதான். அவனுக்கு மூலைகளை ஒழுங்காக உழ வராது. ஐந்து வயலுக்கு இருபது மூலை; நான் வரப்பில் நின்று பார்த்தபோது பதினாறு மூலையில் புல் அப்படியே நின்றது. சொன்னால் சிரிப்பான். அடுத்த முறை வாய்க்காலில் தண்ணீர் விடுவதற்குள் நானே ஏறிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பொள்ளாச்சிக் கடையில் புது ஸ்டியரிங் ஒன்று வாங்கிவந்தேன். தண்டின் பற்களில் அது உட்காரவில்லை. இந்த மாடலுக்கு இப்போது எதுவும் வருவதில்லை என்றார்கள். சரி, பழையதையே ஒட்டிவிடுவோம் என்று நட்டைக் கழற்றி வளையத்தைத் தட்டி எடுத்தேன். இரண்டு கட்டியாக வரும் பசையைப் பிசைந்து வெடிப்புகளில் திணித்தேன். மறுநாள் உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்ததுமே முதல் வெடிப்பிலிருந்த பசை பல்லி வால் மாதிரி முழுசாகக் கழன்று விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை விரலால் நெம்பினேன், அதுவும் வந்துவிட்டது.

எனக்குக் கோபத்தைவிட வியப்புதான் அதிகம். கல்லாக இறுகிய பசை எப்படி இவ்வளவு லேசாகக் கழலும்? பழைய பசையோ என்று வேறு கடையில் புதிதாக வாங்கினேன். பிசைந்தது போதாதோ என்று கை வலிக்கப் பிசைந்தேன். மழை ஈரமோ என்று வளையத்தை ஒரு வாரம் வெயிலில் வைத்தேன். மறுபடியும் கழன்றது. மிச்சமிருந்த பசையை உடைந்த பக்கெட்டின் காதில் அப்பிப் பார்த்தேன். சுத்தியலால் தட்டியும் அது விடவில்லை. அப்படியானால் பசையில் குற்றமில்லை.

கழன்ற துண்டு ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் மினுமினுத்தது. முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசம்.

மனைவியைக் கூப்பிட்டு அவளிடமும் நீட்டினேன்.

"இதுல எண்ணெ எப்படி வந்துது?"

"இதென்னுங்க கேள்வி? ஆயுத பூசைக்கு வருசா வருசம் தேச்சு உடறமே. சந்தனம் வெக்கறதுக்கு முன்னால."

உண்மைதான். வண்டியைக் கழுவி, கறுப்புப் பளபளக்கட்டும் என்று ஸ்டியரிங்கில் எண்ணெய் தேய்த்து, அதன் மேல்தான் மூன்று இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்போம். எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். வண்டி வாங்கிய முப்பத்திரண்டு வருஷத்தில் முப்பத்திரண்டு பூசை எண்ணெய் அந்த வளையத்தில் இறங்கியிருக்கிறது.

"எண்ணெ தேய்க்கச் சொன்னது ஆரு?" என்றேன்.

"நீங்கதானுங்க. வேற ஆரு?"

இல்லை, அவள்தான். அதைப் பற்றி இன்றுவரை நாங்கள் ஒரு முடிவுக்கு வரவில்லை. அப்போது உள்ளே வந்த அவள் தம்பி விஷயத்தைக் கேட்டுவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து சிரித்தான்.

"சாமிக்கு எண்ணெக்காப்புப் போடற மாதிரி போட்டுப்போட்டு, இப்பப் பசை ஒட்டலைன்னா எப்படிங்க மாமா?"

"நீ மூலையை உழுற லட்சணத்துக்கு வாயைப் பாரு, மாப்ள."

எண்ணெய் உள்ளே இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? யோசித்து ஒரு வழி கண்டேன். ஹாக்ஸா பிளேடால் ஒவ்வொரு வெடிப்பையும் கம்பி வரைக்கும் அகலமாக அறுத்தேன். வெந்நீரில் சோப்புக் கரைத்துத் தேய்த்தேன். காய்ந்ததும் தின்னர் நனைத்த துணியால் துடைத்தேன். பிறகு செய்தித்தாளைக் கிழித்து, பதினோரு வெடிப்பிலும் அழுத்திச் செருகி வெயிலில் வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் எல்லாக் காகிதத்திலும் வடை வைத்த மாதிரி எண்ணெய்க் கறை. மறுநாளும் துடைத்துச் செருகினேன். கறை சிறுத்தது. அடுத்தடுத்த நாட்களில் எட்டு வெடிப்பில் மட்டும் கறை, பிறகு மூன்றில். காலையில் காபி குடிக்கும் முன்பே காகிதம் பார்க்கப் போய்விடுவேன். ஒரே ஒரு வெடிப்பு மட்டும் வெகுநாள் அடம்பிடித்தது.

கடைசியில் அதுவும் காய்ந்தது. கம்பியின் துருவைச் சுரண்டிவிட்டுப் பசையை மேடாக அப்பினேன். இந்த முறை உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்துக் கை சளைத்ததே தவிர, பசை அசையவில்லை. முரட்டுத் தாள், பிறகு தண்ணீர் விட்டு நைசுத் தாள், அதன் மேல் பிரைமர், பிறகு கறுப்புப் பெயிண்ட் இரண்டு கை. வளையத்தைத் தண்டில் மாட்டி மனைவியை அழைத்தேன்.

அவள் கொஞ்சம் பஞ்சோடு வந்தாள். பஞ்சை வளையத்தின் மேல் மெதுவாக ஓட்டினாள். எங்கும் சிக்கவில்லை. எனக்குக் கை பரபரத்தது. அவளோ பஞ்சை வளையத்தின் அடிப்பக்கம் கொண்டுபோனாள். பாதி தூரத்தில் நின்றது. வெள்ளையாக ஓர் இழை தொங்கியது.

"கண்ணுக்குத் தெரியற பக்கம்தான் தேச்சிருக்கறீங்க. விரலு அடியிலதானுங்க போகும்?"

"ஒரே ஒரு இழை!"

"போன தடவையும் ஒரே ஒரு கீறல்தானுங்க."

வளையத்தை மறுபடி கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவி அடிப்பக்கம் முழுக்கத் தேய்த்தேன். மறுபடி கறுப்பு அடித்து, நன்றாகக் காயும்வரை தொடவேயில்லை. இந்த முறை பஞ்சு மேலும் அடியும் சிக்காமல் சுற்றி வந்தது. அவள் வளையலிலிருந்து சாவி ஊக்கைக் கழற்றினாள்.

"ஒரு வயலு. அதுக்கு மேல வேண்டாமுங்க."

ஒரு வயலை நான்கு மூலையும் விடாமல் உழுதேன். புதுக் கறுப்பு வியர்வையில் கொஞ்சம் வழுக்கியது. அதை அவளிடம் சொல்லவில்லை. வண்டியை நிறுத்தி இறங்கியபோது வரப்பில் நின்றிருந்தாள்.

"கையக் காட்டுங்க."

காட்டினேன். வெயிலுக்கு நேராகத் திருப்பிப் பார்த்தாள்.

"அந்தக் கையி?"

அதையும் காட்டினேன். சாவியை வாங்கி மறுபடி வளையலில் மாட்டிக்கொண்டாள். இப்போதெல்லாம் இரண்டு வயல் வரைக்கும் விடுகிறாள். காலையில் கையைக் காட்டிச் சாவி வாங்க வேண்டும். சாயங்காலம் கையைக் காட்டித் திருப்பித் தர வேண்டும்.