டைமண்ட் என்கிற குதிரையும் நான் பெற்ற பெண்ணும்

ஷூட்டிங்கில் நடிக்கிற பெண்ணின் அம்மாவுக்கு இரண்டு வேலை: குடை பிடிப்பது, யார் கண்ணிலும் படாமல் இருப்பது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய வேண்டும். டியூஷன் வாசலில் ஸ்கூட்டி மேல் உட்கார்ந்தே பாதி ஆயுளைக் கழித்த அம்மாக்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சேலையூரில் எங்கள் அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடிப் பையன் கார்த்திக், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தான். அப்பா, பெண், ஒரு குதிரை, அவ்வளவுதான் கதை. பெண்ணாக என் மகள் நிவேதிதா, வயது பதினாறு. குதிரை, முடிச்சூர் குதிரைக்காரர் ஏழுமலையின் டைமண்ட். மற்ற நாட்களில் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கும். கோடை விடுமுறையில் ஏரிக்கரையில் பத்து நாள் ஷூட்டிங்.

நிழல்

தினமும் வாட்ஸ்அப்பில் கால்ஷீட் வரும், யார் எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று. டைமண்ட் என்று கொட்டை எழுத்தில் பெயர் போட்டு, பக்கத்தில் புல், தண்ணீர், ஓய்வு நேரம் எல்லாம் இருந்தது. கீழே, ‘நிவேதிதா, உடன் ஒருவர்’. அந்த ஒருவர் நான். கான்வென்ட்டில் படித்த பழக்கம், அதிலிருந்த மூன்று ஸ்பெல்லிங் தப்பையும் திருத்தி, என் பெயரையும் எழுதி அனுப்பினேன். மறுநாள் தப்பு மூன்றும் சரியாகியிருந்தன. நான் அதே ஒருவர்தான்.

அன்று அந்த வெயிலுக்கு ஒரே ஒரு ஷாமியானா. அதற்குள் டைமண்ட் நின்றது. ஓரமாக என் நாற்காலியைப் போட்டேன். கார்த்திக் ஓடிவந்து, ரொம்ப மரியாதையாகக் குனிந்து சொன்னான்: “ஆன்ட்டி, கொஞ்சம் வெளிய உக்காருங்களேன், அதுக்கு மூட் போயிடும்.”

பேச்சு

வீட்டில் நிவி என்னிடம் பேசுவது மூன்றே சொல்: ‘ம்’, ‘தெரியல’, ‘அப்புறம்’. அங்கே குதிரையின் காதில் அரை மணி நேரம் பேசினாள். சிரித்தாள், கையை ஆட்டி ஆட்டி எதையோ விவரித்தாள், ஒரு தடவை கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிப்பானேன். தண்ணீர் பாட்டிலைச் சாக்கு வைத்துக் கிட்டே போனேன். பேச்சு நின்றது.

ஏழுமலை முதல் நாளே ஒரு சட்டம் போட்டிருந்தார். பத்து நாளும் நிவி கையால் மட்டும்தான் டைமண்டுக்குத் தீனி. வேறு கையில் ருசி கண்டுவிட்டால் கடைசிக் காட்சியில் அவளிடம் வராது. இப்போது பாட்டிலோடு நின்ற என்னைப் பார்த்து இரண்டாவது சட்டமும் போட்டார்: “நீ அப்பால போக்கா, அதுங்க ரெண்டும் பேசிக்கினு கீதுங்க.”

மாலை

கதையில் அந்தப் பெண்ணுக்கு அம்மா இல்லை. சுவரில் மாட்ட ஒரு போட்டோ மட்டும் வேண்டும். முகஜாடை ஒத்துப்போகும் என்று கார்த்திக் என்னிடமே கேட்டான். குதிரைக்குப் படம் முழுக்கக் காட்சி, எனக்கு ஒரு ஆணி. அபசகுனம் என்று மறுத்திருக்கலாம். ஆனால் வேறு எவளோ ஒருத்தி என் மகளுக்கு அம்மாவாகச் சுவரில் தொங்குவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? இருப்பதிலேயே நல்ல போட்டோவைக் கொடுத்தேன்.

கொடுத்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பூமாலை முகத்தை மறைக்கிறது, சந்தன மாலை போடு என்றேன். ஃபிரேம் இடது பக்கம் சாய்கிறது என்றேன். விளக்கு ஏன் இத்தனை மங்கல் என்றேன். கார்த்திக் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னான்: “ஆன்ட்டி, செத்துப்போனவங்க இவ்ளோ கரெக்‌ஷன் சொல்லமாட்டாங்க.”

வெல்லம்

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மூன்றாம் நாள் காலை, நிவி மேக்கப்புக்குப் போனதும், கைப்பையிலிருந்த வெல்லக்கட்டியை டைமண்டிடம் நீட்டினேன். அப்படி என்னதான் இருக்கிறது அதனிடம் என்று பார்க்கத்தான். தின்றுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. அவசரப்படவில்லை, போனை நோண்டவில்லை. நானும் நாலு வார்த்தை பேசினேன். மறுநாளும் போனேன். அப்புறம் தினமும்.

இரண்டே நாளில் ஏழுமலைக்குக் கவலை வந்துவிட்டது. கார்த்திக்கிடம் அவர் முறையிட்டதை, நான் குடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்: “இன்னான்னு தெர்ல சார், காத்தால வெச்ச தீனிய பாதி அப்டியே வுட்டுடுது.”

கடைசி ஷாட்

பத்தாம் நாள் சாயங்காலம். கதைப்படி, விற்றுப்போன குதிரை தானாகத் திரும்பி வந்து பெண்ணின் தோளில் முகம் வைக்க வேண்டும். வெளிச்சம் இன்னும் இருபது நிமிஷம் நின்றால் அதிகம். அதற்கு மேல் டைமண்ட் குன்றத்தூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்குப் போயாக வேண்டும். இந்த ஷாட் வராவிட்டால் படமே இல்லை என்று நிவி காலையிலிருந்து சாப்பிடவில்லை. கார்த்திக் ஆக்‌ஷன் சொன்னான். நிவி கையை விரித்தாள். குதிரை அவளைத் தாண்டி, கேமராவைத் தாண்டி, நேரே வந்து என் கைப்பைக்குள் மூக்கை நுழைத்தது.

எத்தனை நாளாக என்று நிவி கேட்டாள். எட்டு நாளாக வெல்லம் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் அவள் ஆசையாகச் சேர்த்ததை ஒரு பிடி வெல்லத்தால் தட்டிப் பறித்திருக்கிறேன்.

ஏழுமலைதான் வழி சொன்னார். நிவிக்கு நேர் பின்னால், கோரைப்புல்லுக்குள், கேமராவுக்குத் தெரியாமல் நான் வெல்லத்தோடு குந்த வேண்டும். குதிரை என்னைத் தேடி வரும். நடுவில் அவள் கட்டிக்கொள்ள வேண்டும். நல்ல புடவையோடு சேற்றில் குந்தினேன். கேமராவை நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அதனிடம் தன்னைப் பற்றி என்ன சொன்னேன் என்று நிவி திரும்பாமலே கேட்டாள். நீ என்னிடம் பேசுவதே இல்லை என்று சொன்னேன் என்றேன்.

குதிரை வந்தது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கதையில் இருந்ததைவிட அதிகமாகவே அழுதாள். கட் சொன்ன பிறகும் விடவில்லை. பிடரிமயிருக்குள் முகத்தை வைத்தபடியே எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “நான் பேசினா நீ கேக்கறதே இல்லைன்னுதாம்மா நானும் அதுகிட்ட சொல்லிட்டிருந்தேன்.”

போஸ்டர் வந்துவிட்டது, அதில் என் பெண் முகத்தைவிடக் குதிரை முகம் பெரிதாக இருக்கிறது என்பதைக் கார்த்திக்கிடம் இதுவரை நாலு தடவைதான் சொல்லியிருக்கிறேன்.