வெட்டி ஒட்டின சமாதானம்

ஊர்த் திருவிழாவுக்கு ஆல்பம் பாட்டு எடுக்கணும்னு எங்க இளவட்டங்களுக்கு ஆசை. எங்க மலையில போன்ல பேசவே பாறை மேல ஏறி நிக்கணும், இதுல யூடியூப் பாட்டு வேற! வாணியம்பாடியில கல்யாண வீடியோ எடுக்கிற பாய் ஒருத்தரு கேமரா, டிரோன் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. எடிட்டிங்கும் அவரேதான்.

எங்க சாமிக்கு முதல் ஆட்டம் எங்க குடும்பத்து அண்ணன் தம்பிதான் எதிரெதிரா நின்னு ஆடணும். அப்போ நானும் எங்கண்ணனும் பாட்டுல வரணும். நாங்களோ வரப்புல இருக்கிற ஒரு புளியமரத்துக்காக வருசக்கணக்கா மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல. அவன் காலையில ஆடிட்டுப் போகட்டும், நான் சாயங்காலம் வர்றேன்னு சொல்லியனுப்பினேன். அவனும் தனியாத்தான் ஆடுவேன்னு சொல்லியிருக்கான். மலையிலேயே அன்னிக்கு அந்த ஒரு விசயத்துலதான் எங்களுக்குள்ள ஒத்துமை.

சாயங்காலம் போனா, "அண்ணே, இடப்பக்கம் பாத்து சிரிங்க"ன்னாரு பாய். எனக்கு எங்க சிரிப்பு வருது? திரும்பினா, அவரு பைக் சீட்டை ஒரு ஆடு நிதானமா மென்னுக்கிட்டிருக்கு. வயிறு குலுங்கச் சிரிச்சிட்டேன். அவரு கேமராவை விட்டுட்டு ஓடினாரு.

பாட்டு வந்துது. அண்ணன் வலப்பக்கம் திரும்பிக் கையை நீட்டுறான். வெட்டு. நான் சிரிக்கிறேன். வெட்டு. அவன் கண்ணு கலங்குது. காலை வெயில் கண்ணுல அடிச்சிருக்கும், வேற இன்னா? உடனே என் சிரிப்பு ஸ்லோ மோஷன்ல. அவன் காலை வெளிச்சமும் என் சாயங்கால வெளிச்சமும் ஒரே தேன் கலரு. அடப்பாவி மனுசா! நானே இன்னொரு தபா போட்டுப் பாத்தேன்.

ஊரே நம்பிட்டுது. டீக்கடையில முன்பின் தெரியாத ஆளெல்லாம் வந்து என் கையைப் புடிச்சிக் குலுக்குறான். சிக்கல் அங்கதான் ஆரம்பிச்சுது.

தை மாசம் அண்ணன் பொண்ணுக்குக் கல்யாணம். நான் தோள்ல தூக்கி வளத்த பொண்ணு. சண்டை போட்ட பங்காளிங்க எங்க ஊர்ல தானா போய்ப் பேசிக்க மாட்டாங்க. நாட்டாமை கூப்பிட்டு உக்கார வச்சு, ரெண்டு பேருக்கும் தன் கையால வெத்தல குடுக்கணும். அதுக்கப்புறம்தான் அவன் தாம்பூலத் தட்டோட என் வூட்டுக்கு வந்து அழைக்க முடியும். அழைக்காம நான் பந்தல்ல கால் வைக்க முடியாது. அந்த வெத்தலைக்குத்தான் ரெண்டு பேரும் மீசையை முறுக்கிக்கிட்டுக் காத்திருந்தோம்.

நாட்டாமை பாட்டைப் பாத்தாரு. "அதான் பாட்டுலயே சேந்துக்கினீங்களே, இன்னும் இன்னாத்துக்குப் பஞ்சாயத்து?"ன்னுட்டு, ஏர் ஓட்டப் போய்ட்டாரு.

நான் இன்னான்னு சொல்றது? சிரிச்சது ஆட்டைப் பாத்துதான்னா? ஊரு சந்தோசமா இருக்கு, அதைக் கெடுக்கவும் மனசு வரல. "நீங்களே போய்ப் பேசினா கொறைஞ்சா பூடுவீங்க?"ன்னு வூட்டுக்காரி கத்தினா. நானா? நான் ஏன் போகணும்? அவன் பெரியவன்தானே, அவன் வரட்டும்!

பத்திரிகை வூடு வூடா போச்சு. எங்க வூட்டுக்கு மட்டும் வரல. "உங்களுக்கு எதுக்குங்க பத்திரிகை, உங்க வூட்டுக் கல்யாணமாச்சே"ன்னு ஊரே சிரிக்குது. நானும் சேந்து சிரிச்சேன். ராத்திரி சாமைச் சோத்தைத் தட்டோட தள்ளி வச்சிட்டேன். அந்தப் பொண்ணு கழுத்துல தாலி ஏறுறப்ப நான் எங்க நிப்பேன், மாட்டுக் கொட்டாய்லயான்னு நெனைச்சு நெனைச்சு அழுதேன், பொய் சொல்வானேன்.

ஒரு நாள் மத்தியானம் வாசல்ல யாரோ இருமுற சத்தம். அண்ணன். கையில தட்டு, பழம், வெத்தல, பத்திரிகை. பொண்டாட்டியைக்கூடக் கூட்டிக்கிட்டு வரல. நான் எழுந்து வந்து வாசப்படியிலயே நின்னுட்டேன். அவனும் படியேறல.

அக்கம்பக்கம் பாத்துட்டு, மெதுவா கேட்டான்: "அந்தப் பாட்டு பொய்யின்னு யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்லண்ணா."

"நானும் சொல்லலடா"ன்னு தட்டை நீட்டினான்.