கணினிக் கிழவனும் மூன்றரைக் கிலோ மரச்சீனியும்

எங்கள் வீட்டில் எந்த மின்சாரச் சாமானையும் மாமாவைக் கேட்டு வாங்கக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. திங்கள்சந்தையில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். அவர் நல்லது என்று சொல்லி வாங்கிய டிவிடி பிளேயர் மூன்றாவது வாரமே புகைந்து அடங்கியது. அப்பா மஸ்கட்டில் வேலையில் இருந்ததால் அந்தப் புகையை நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் போனில் அதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசாமல் வைக்கமாட்டார்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டதும், அம்மா வேலை முடிந்து வரும்வரை மாமாவின் கடையில்தான் இருப்பேன். ஆள் வராத நேரத்தில் மாமா இணையத்தில் தமிழில் எழுதுவார். எந்தக் கம்ப்யூட்டர் வாங்கலாம், எதை வாங்கினால் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டிவரும் என்று நறுக்கென்று இருக்கும். கல்யாணமாகாத இருபத்தெட்டு வயதுக்காரர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் கணினிக் கிழவன். வயசாளி சொன்னால்தான் நம் ஆட்கள் காது கொடுப்பார்கள் என்பது அவர் எண்ணம்.

எண்ணம் பலித்தது, அதுவும் எங்கள் வீட்டிலேயே. ஒரு வெள்ளிக்கிழமை ஸ்பீக்கர் போனில் அப்பாவின் குரல் அம்மாவிடம் சொன்னது: "இண்டர்நெட்டுல ஒரு பெரியவரு எழுதுகாரு, கேட்டியா? அனுபவம்னா அதுதான் அனுபவம். ஒந் தம்பிய அதப் படிக்கச் சொல்லு. கொஞ்சமாவது வெவரம் வரட்டும்."

மாமா அப்போது எங்கள் வீட்டில் மீன்குழம்பு விட்டு மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். என் வாய் ஓட்டை வாய் என்பது தெருவுக்கே தெரியும். அந்த வாயை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாமா சொன்னால் உளறல், கிழவன் சொன்னால் வேதவாக்கு. இரண்டும் ஒரே வாய் என்று தெரிந்தால் வேதவாக்கும் உளறலாகிவிடும் என்கிற அளவுக்கு எனக்கு விவரம் இருந்தது.

அந்த வருடம் அக்கா பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாள். அடுத்த மாதம் லீவில் வரும்போது அப்பா லேப்டாப் கொண்டுவருவதாகப் பேச்சு. சரியாக அந்த நேரம் பார்த்துப் புதிதாக ஒன்று வெளிவந்தது. திரை மட்டுமே பதினேழு அங்குலம். ஆங்கிலத்தில் எழுதுகிற விமர்சகர்கள் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். வளைகுடாவிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் ஊரிலேயே பெரியதாக இருக்கவேண்டும் என்பவர் அப்பா. பெரியவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று மட்டும் காத்திருந்தார்.

அக்கா வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். அவளுக்குப் பிடித்தது ஒரு சின்ன லேப்டாப். செய்தித்தாளில் வந்த அதன் படத்தை வெட்டி நோட்டுக்குள் வைத்திருந்ததை நான் பார்த்திருந்தேன். அப்பா போனில் கேட்டபோது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "எதானாலும் சரிப்பா."

மாமாவுக்குச் சங்கடம். அந்தப் பெரிய லேப்டாப் நாகர்கோவில் கடைகளுக்குக்கூட வந்திருக்கவில்லை. தொட்டுப் பார்க்காமல் எப்படி எழுதுவது? இரண்டு நாள் கம்ப்யூட்டரையே முறைத்துக்கொண்டிருந்தவர், மூன்றாம் நாள் சந்தைக்குப் போய் மரச்சீனி வாங்கிவந்தார். சார்ஜரோடு சேர்த்து மூன்றரைக் கிலோ என்று லேப்டாப் கம்பெனிக்காரர்களே போட்டிருந்தார்களாம். மரச்சீனியையும் மூன்றரைக் கிலோ நிறுத்து, அக்காவின் பழைய பைக்குள் திணித்து, என் தோளில் மாட்டிவிட்டார். ஐஸ்கிரீம் என்றார். நான் காரணம் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை, அக்கா வழக்கமாகக் கல்லூரிக்குப் போகிற நேரத்துப் பஸ். உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா நான்கு ஆள் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். வளைவில் பை போய் ஒரு மீன்கார அம்மாவின் முழங்கையில் இடித்தது.

"ஏட்டி, உள்ள என்ன, கல்லா வச்சிருக்க?"

"லேப்டாப்பு."

அந்த அம்மா பை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கிழங்கைப் பார்த்தாள். "லேப்டாப்புல இப்ப வேரும் வருதா மக்கா?" என்றாள். பஸ்ஸே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

நாகர்கோவிலில் இறங்கியதும் மாமா என் சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தார். தோளில் வார் பதிந்து சிவப்பாகத் தடம். இரண்டு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். மரச்சீனியை அன்று மத்தியானமே அம்மா அவித்துவிட்டாள்.

திங்கட்கிழமை கிழவனின் விமர்சனம் வெளியானது. நான் பாதி படித்துவிட்டுப் போரடித்து கேம் விளையாடப் போய்விட்டேன்.

அடுத்த மாதம் அப்பா வந்தார். பெட்டியைத் திறந்தால், நோட்டுக்குள் இருந்த படம் அப்படியே வெளியே வந்தது. அக்கா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். அவள் சந்தோஷத்தில் அழுது நான் பார்த்தது அன்றுதான். அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியாலே? ஊரு பூரா அந்தப் பெரிய லேப்டாப்புக்கு அஞ்சு ஸ்டாரு. பெரியவரு ஒருத்தருதான் வேண்டாம்னாரு. ஒனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?"

"எனக்கு எங்க அத்தான் தெரியும்? மெசினு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றார் மாமா.

எனக்கு நாக்கு அரித்தது. இரண்டு சாக்லேட்டை ஒன்றாக வாயில் போட்டு அடைத்துக்கொண்டேன். அப்பா பெட்டியின் அடியிலிருந்து ஒரு குப்பி கோடாலித் தைலத்தை எடுத்து மாமாவிடம் நீட்டினார். "நீதான் எப்பவும் இண்டர்நெட்டுல கெடக்கிய ஆளு. அந்தப் பெரியவர எங்கயாவது பாத்தா இதக் குடுத்திரு" என்றார். அப்புறம் சின்னதாக இன்னொரு குப்பியை என் கையில் வைத்து, "தோளு வலிச்சா தேச்சுக்க மக்கா" என்றார். சாக்லேட் மும்முரத்தில் அதை வாங்கிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போன வருடம் நான் ஒரு லேப்டாப் வாங்கவேண்டியிருந்தது. ஒரு வாரம் விமர்சனங்களாகப் படித்தேன். எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம். யாரை நம்புவது என்று தெரியவில்லை. அப்போதுதான் கிழவன் ஞாபகம் வந்து தேடினேன். மாமா எழுதுவதை நிறுத்தி வருடங்களாகிவிட்டன என்றாலும் பக்கம் அப்படியே இருந்தது. அன்று பாதியில் விட்டதை முழுதாகப் படித்தேன்.

"இந்த லேப்டாப்பை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் மேசையில் வைத்துப் பார்த்தார்கள். நான் அதே எடையை ஒரு சின்னப் பிள்ளையின் தோளில் ஏற்றிப் பஸ்ஸில் அனுப்பிப் பார்த்தேன். தோளில் தடம் விழுந்துவிட்டது. கல்லூரிக்கு நின்றுகொண்டே போகிற மகளுக்கு வாங்குகிறீர்கள் என்றால் இது வேண்டாம். அவளைக் கேட்டால் 'எதானாலும் சரிப்பா' என்பாள். அதை மட்டும் நம்பாதீர்கள்."

நான் பிறகு எந்த விமர்சனத்தையும் படிக்கவில்லை. அக்காவின் குரலை அப்பாவுக்கு அடையாளம் தெரியாமலா போயிருக்கும்? பஸ்ஸில் போன சின்னப் பிள்ளை யாரென்றும் தெரிந்துதான் தைலத்தில் இரண்டு குப்பி வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமை தவறாமல் டிவிடி பிளேயரின் புகையைப் பற்றிப் பேசினார். மாமாவும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அவர் கடை மேசையில் அந்தத் தைலக் குப்பி, காலியான பிறகும் வெகுகாலம் இருந்தது.

அந்த ரகசியத்தை வீட்டில் கட்டிக் காப்பாற்றியவள் நான் ஒருத்திதான் என்று அத்தனை வருடமும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.