கூட்டணியும் கிணற்று முறையும்

இருபது வருஷத்துக்கு முந்தைய போர் விளையாட்டு ஒன்றை, புதுக் கம்ப்யூட்டரில் ஓடும்படி மெருகேற்றி மறுபடியும் விற்கிறார்கள் என்று தெரிந்ததும் வாங்கிவிட்டேன். அன்று நாலு புள்ளியாகத் தெரிந்த ஆட்டுக்கு இன்று ரோமம் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. என் சொந்த ஆடுகளைக்கூட நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அறுவடை முடிந்தால் திரையில் இருக்கும் குடியானவன் சொல்லாமலே மறுபடி விதைத்துக்கொள்கிறான். எருமப்பட்டிப் பக்கம் மரவள்ளி போட்டுவிட்டு ஆள் கிடைக்காமல் அலைகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

முதல் ஞாயிற்றுக்கிழமையே, இணையத்தில் விளையாட வந்தவர்களின் பட்டியலில் ஒரு பட்டப்பெயர் கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் நாமக்கல் பிரவுசிங் சென்டரில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சித்தப்பா மகன் வைத்துக்கொண்ட அதே பெயர். எங்கள் மரவள்ளிக் காடுகள் ஒட்டியவை. கிணறு பொது, ஒருநாள் அவன் முறை, ஒருநாள் என் முறை. நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. என் முறையன்று கரண்ட் வராமல் போனதால், மறுநாள் இரண்டு மணி நேரம் தண்ணீர் கேட்டேன். “முறைன்னா முறைதானுங்கண்ணா” என்றான். அன்றோடு சரி.

திரையில் மட்டும் கூட்டணி சேர்ந்துவிட்டோம். ஒரு வார்த்தைகூட எழுதி அனுப்பிக்கொண்டதில்லை. எனக்கு மரம் குறைந்தால் ஆயிரம் மரம் அனுப்புவான். அவன் கோட்டையை எதிரி வளைத்தால் என் குதிரைப்படை பறக்கும். சுற்றிலும் மதில் எழுப்பிய நான், அவன் பக்கம் மட்டும் ஒரு கல் வைக்கவில்லை.

“ஏனுங்க, நேருல பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கறீங்க. பொட்டிக்குள்ள மட்டும் அண்ணந்தம்பியாக்கும்? நல்லாருக்குதுங்க உங்க நாயம்!” என்றாள் மனைவி.

“அது வேற, இது வேற” என்றேன். என்ன வேறு என்று அவள் கேட்காதது என் நல்ல நேரம்.

போன சித்திரையில் ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவே திரையில் எழுத்து வந்தது. “அண்ணா, ரெண்டு முறையா கரண்ட் இல்லீங்க. மரவள்ளி வாடுது. நாளைக்கு உங்க முறையில ரெண்டு மணி நேரம் தண்ணி உடறீங்களா?”

வாடா வா, மாட்டினாயா என்று மனசு குதித்தது. அவன் சொன்ன பதிலையே திருப்பித் தட்டலாம். கை வரவில்லை. சரி என்று தட்டவும் மீசை விடவில்லை. ஏதாவது செய்தாக வேண்டுமே என்று, விளையாட்டில் இரண்டாயிரம் மூட்டை தானியம் அனுப்பிவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தானியம் அப்படியே திரும்பி வந்தது. அவன் பெயர் திரையிலிருந்து போய்விட்டது.

காலையில் கிணற்றுக்குப் போனேன். சத்தியமாக, வால்வை அவன் பக்கம் திருப்பிவிடத்தான் போனேன். அவன் காட்டில் டேங்கர் லாரி நின்றது. ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெட்கமாக இருந்தது. “லாரிய அனுப்பீரு சாமி, தண்ணி எடுத்துக்க” என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மோட்டாரைப் போட்டு என் காட்டுக்கே பாய்ச்சிவிட்டு வந்தேன்.

அந்தப் பட்டப்பெயர் இப்போது பட்டியலில் வருவதில்லை. கம்ப்யூட்டரையே எதிராளியாக வைத்து விளையாடுகிறேன். நாலு பக்கமும் மதில் கட்டிவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் நான்தான் ஜெயிக்கிறேன்.